கெஞ்சினாலும் டொக்டரைக் கூப்பிடாதீங்க

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை அப்படித் திறந்துவிட்டால் உள்ளே வாந்தி எடுக்கிற சத்தம் வெளியே கேட்காது என்பது சர்மிளாவின் நம்பிக்கை. எனக்குக் கேட்டது.

சர்மிளா எங்கள் முன் அறையில் வாடகைக்கு இருக்கிற பிள்ளை. ஊர் ஹட்டன். கம்பஸில் (பல்கலைக்கழகத்தில்) கடைசி வருடம் – அதாவது மூன்றாவது தடவையாகக் கடைசி வருடம்.

கதவு திறந்தது. நெற்றி முடியெல்லாம் ஈரம். உதடு வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, வயித்த பொரட்டுது. இன்னைக்கு முடியாது போல. டொக்டர்கிட்ட போலாமா?"

என் கையில் போன் இருந்தது. போனில் டொக்டரின் நம்பரும் இருந்தது. ஒன்பது மணிக்குப் பரீட்சை. கம்பஸ் விதிப்படி மிச்சமிருந்த அந்த ஒரு பேப்பரை எழுத அவளுக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். தவறவிட்டால் பட்டம் இல்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். நானும் இரண்டு தடவை அவசரப்பட்டவள்தான்.

முதலில் இந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்மிளா படிக்காத பிள்ளை இல்லை. அவளைப் போலப் படித்த ஒருவரை என் வீட்டுக்குள் நான் கண்டதில்லை. (பத்திரிகையில் வருகிற இந்தப் பத்தியை என் கணவர் வாசிப்பார். மன்னிக்க.)

கம்பஸில் 'குப்பி' என்று ஒன்று உண்டு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் – பரீட்சை நெருங்கும்போது, பாடம் நன்றாக விளங்கிய ஒரு பிள்ளை, விளங்காத கூட்டாளிகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்துப் பெயராம். இப்போது விளக்கு இல்லை. பெயர் இருக்கிறது.

எங்கள் ஹோலில் பின்னேரங்களில் சர்மிளாவின் குப்பி நடக்கும். ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். பாடம் புள்ளிவிபரவியல். நான் தேத்தண்ணி கொண்டுபோகிற சாக்கில் கதவோரம் நின்று கேட்பேன். எனக்கே விளங்குகிற மாதிரிச் சொல்வாள். அவர்களில் கொம்பனித்தெருவிலிருந்து வருகிற ரிஃப்னா என்ற பிள்ளை மட்டும் ஒவ்வொரு நாளும், "இத இன்னொருக்கா சொல்லேன் சர்மி" என்பாள். சர்மிளா இன்னொருக்காவும் சொல்வாள்.

அந்தக் குப்பியில் இருந்த அத்தனை பேரும் பாஸ். ரிஃப்னா இப்போது ஒரு பேங்கில் வேலை செய்கிறாள். குப்பி சொல்லிக்கொடுத்தவள் மட்டும் மிச்சம்.

என்ன நடந்தது? முதல் தடவை பரீட்சை ஹோலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறாள். பேப்பரைக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் எழுந்து வெளியே வந்து, நடைபாதையில் மயங்கி விழுந்துவிட்டாள். எனக்குப் போனில் கோல் வந்தது. ஓடினேன். எனக்குத் தெரிந்த, அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே பிரஷர் இறங்கியிருந்தது. டொக்டர் மெடிக்கல் சேர்ட்டிபிக்கட் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் கொடுத்தால் பெயில் இல்லை. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதலாம்.

அன்று மாலை அவளைப் பார்த்திருக்க வேண்டும். கன்னத்தில் நிறம் திரும்பிவிட்டது. இரண்டு பேரும் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைப் பக்கம் போய் இறால் வடை சாப்பிட்டோம். அவள் சிரித்தாள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தக் கிழமை பத்தியில்கூட 'சரியான நேரத்தில் நீட்டப்படும் கை' பற்றி ஏதோ எழுதித் தள்ளினேன். தேடிப் பிடித்து வாசிக்க வேண்டாம்.

இரண்டாம் தடவை அவள் ஹோல் வரைக்கும் போகவே இல்லை. வீட்டிலேயே வாந்தி. மறுபடி நான், மறுபடி டொக்டர், மறுபடி மெடிக்கல். இந்த முறை டொக்டர் எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பிள்ளைக்குப் பரீட்சை இல்லாத நாளில வயித்து வலி வாறதா?"

நான் யோசித்தேன். வருவதில்லை.

"அப்ப அடுத்த முறை என்னட்ட கூட்டிக்கொண்டு வராதேங்கோ. கம்பஸில கவுன்சிலர் இருப்பா. அவவிட்ட அனுப்புங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. என்ன மனுஷி இவர் என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். வீட்டுக்கு வந்து கோபம் ஆறிய பிறகுதான் விளங்கியது. பயத்துக்கு நான் வருடா வருடம் லீவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அது லீவில் போய் நன்றாகச் சாப்பிட்டு, கொழுத்துத் திரும்பி வந்திருக்கிறது.

நம் வீடுகளில் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் என்னென்ன செய்வோம்? கோயிலில் அர்ச்சனை. தேவாலயத்தில் மெழுகுதிரி. ஞாபகசக்திக்கு வல்லாரைச் சம்பல். நானும் கட்டுக்கட்டாக வல்லாரை வாங்கி அரைத்தேன். அவள் மறந்தால்தானே... அவளுக்குத்தான் எல்லாமே ஞாபகம் இருக்கிறதே. பிள்ளை, எதுக்குப் பயப்பிடுறீர் என்று இரண்டு வருடத்தில் ஒருநாளாவது கேட்டேனா? இல்லை. எல்லோருக்கும் வருகிற பயம்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு வருடங்களில் அவள் பகலில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குப் படிப்பித்தாள். கூட்டாளிகளின் பட்டமளிப்புப் படங்கள் போனில் வரும். கறுப்பு அங்கி, கழுத்தில் பட்டி, பக்கத்தில் அம்மா அப்பா. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மேசையில் போனைக் கவிழ்த்து வைப்பாள். அவளுடைய அப்பா ஹட்டனில் சலூன் வைத்திருக்கிறார். மகளின் பட்டமளிப்புப் படத்தை மாட்டுவதற்காகக் கண்ணாடிக்கு மேலே சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறாராம். இரண்டு வருடமாக ஆணி மட்டும் இருக்கிறது. முடி வெட்ட வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்கும்போது அதையும் பார்ப்பார்கள்தானே என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

சரி. இந்த வருடம் என்ன நடந்தது?

கம்பஸ் கவுன்சிலரிடம், அந்த மனநல ஆலோசகரிடம், அவளாகவே போனாள். நான் அனுப்பவில்லை. மூன்று நான்கு தடவை போயிருப்பாள். ஒருநாள் வந்து சொன்னாள்: "பயம் போகட்டும்னு காத்திருக்காதீங்கன்னு சொன்னாங்க ஆன்ட்டி. அது போகாதாம். கூட்டிக்கிட்டே போய் பக்கத்துல உக்கார வச்சுக்கணுமாம். மொதல்ல இன்டெக்ஸ் நம்பர எழுதணும். அப்புறம் மூச்சு. அப்புறம் தெரிஞ்ச கேள்வி ஒன்ன தேடணும். அவ்வளவுதான்."

"என்னத்துக்குப் பயம் எண்டு கேட்டவவே?"

"கேட்டாங்க." பையைக் கழற்றிக் கதிரையில் வைத்தாள். "சத்தம் ஆன்ட்டி."

"என்ன சத்தம்?"

"இப்ப பேப்பர திருப்பலாம்னு சுப்பர்வைசர் சொல்லுவாங்க இல்ல... அப்ப எல்லாரும் ஒன்னா திருப்புற சத்தம். சர்ர்ருன்னு. அது கேட்டதும் எனக்கு உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய போயிருது. எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டும் நிக்கிறேன்னு தோணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

விஷயம் ரிஃப்னாவின் காதுக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஒரு பை நிறைய வட்டிலப்பப் புடிங் கிண்ணங்களோடு வந்து இறங்கினாள். "ஒனக்கு பாடத்துக்கு குப்பி தேவயில்ல சர்மி. நாங்க சத்தத்துக்கு குப்பி செய்வோம்" என்றாள்.

எங்கள் ஹோல் பரீட்சை ஹோல் ஆனது. சாப்பாட்டு மேசையில் சர்மிளாவின் பரீட்சை இன்டெக்ஸ் நம்பரை ஒட்டினாள் ரிஃப்னா. கடந்த வருடப் பேப்பர் ஒன்று, கவிழ்த்து வைக்கப்பட்டது. மற்றக் கதிரைகளில் நாங்கள். பழைய பத்திரிகைகளைப் பிரித்து ஆளுக்கு ஐந்தாறு தாள். ஆள் போதவில்லை என்று என் கணவரையும் இழுத்து உட்கார வைத்தோம். 'இப்ப திருப்பலாம்' என்று ரிஃப்னா சொன்னதும் எல்லோரும் சேர்ந்து திருப்ப வேண்டும். தாள்களெல்லாம் இந்தப் பத்தி வருகிற பத்திரிகையினுடையவைதான். என் எழுத்து ஒருவருக்குப் பயன்பட்டதை முதல் முறையாகக் கண்ணால் கண்டேன்.

முதல் சனிக்கிழமை. திருப்பினோம். சர்மிளா கொஞ்ச நேரத்தில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். என் கணவர் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் வாசிக்கத் தொடங்கிவிட்டார். ரிஃப்னா போனில் நேரம் பார்த்தாள். "நாலு நிமிஷம் இருந்திருக்கா" என்றாள். அதையே ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை. சர்மிளா இன்டெக்ஸ் நம்பரை எழுதினாள். கீழே ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு கேள்வி. முக்கால் மணித்தியாலம் இருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை சுப்பர்வைசர் வேலை எனக்கு. அவள் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். ரிஃப்னாவும் என் கணவரும் தாள்களைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள். "இப்ப திருப்பலாம்" என்றேன். சர்ர்ர்...

எழுந்து போனது இந்த முறை சர்மிளா இல்லை. நான். நேராகக் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கும் சேர்த்துத்தான். இத்தனை வருடமாக இந்தப் பத்தியை வாசிக்கிறீர்கள். நாட்டு நிலைமையால் என் கம்பஸ் படிப்பு இடையில் நின்றுபோனது என்று இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறேன். ஆறுதல் சொல்லிக் கடிதம் போட்டவர்கள் இருக்கிறீர்கள். சிலர் தங்கள் கதையையும் எழுதினீர்கள் – எரிந்த வீடு, தொலைந்த சேர்ட்டிபிக்கட்டுகள், திரும்பிப் போக முடியாத வகுப்பறை. அவை உண்மை. என்னுடையது பொய்.

என் படிப்பை நாட்டு நிலைமை நிறுத்தவில்லை. கடைசி வருடம், ஐந்து பேப்பரில் நான்கை எழுதினேன். ஐந்தாவது நாள் ஹோல் வாசலில் வரிசையில் நின்றேன். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பக்கத்தில் இருந்த குழாயடிக்குப் போனேன். கழுவினேன். மறுபடி கழுவினேன். யன்னல் திறந்திருந்தது. உள்ளே எல்லோரும் பேப்பரைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

நான் உள்ளே போகவே இல்லை. நடந்தே பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குப் போய் கடலைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு மணிவரை இருந்தேன். வீட்டில் கேட்டார்கள். "ஓம், எழுதினனான்" என்றேன். பிறகு கொஞ்ச நாளில் நாட்டில் பிரச்சினை வந்து கம்பஸை மூடினார்கள். எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. யாரும் சந்தேகப்படவில்லை. எத்தனையோ பேருக்கு உண்மையாக நடந்த அநியாயத்தை நான் எடுத்துப் போர்த்திக்கொண்டேன். அதற்கு என்னை மன்னியுங்கள்.

குசினி வாசலில் சர்மிளா வந்து நின்றாள். அவளிடம் இதைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்புறம் அந்த பேப்பர எப்ப எழுதினீங்க ஆன்ட்டி?"

"எழுதேல்லை."

"கம்பஸ் திரும்ப தொறந்தப்ப?"

"அப்பவும் போகேல்லை."

"ஏன்?"

அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் இருந்த என் அட்மிஷன் கார்ட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும். எழுதுகிற ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே ஒரு கட்டம் இருக்கும். நாம் ஹோலில் உட்கார்ந்திருக்கும்போது சுப்பர்வைசர் வந்து அதில் கையெழுத்துப் போடுவார். என் கார்ட்டில் நான்கு கையெழுத்துகள். ஐந்தாவது கட்டம் வெறுமை. தாள் பழுத்து, மடிப்பில் கிழிந்துவிட்டது.

சர்மிளா அந்த வெறுங்கட்டத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு நானே சொன்னேன் – எனக்கு அந்த ஹோலுக்குள் போக இப்போதும் ஆசை பிள்ளை. பட்டம் வேண்டாம். சம்பளம் கூடவும் வேண்டாம். ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, பேப்பரைத் திருப்பி, தெரிந்ததை எழுதி, கடைசியில் ஒரு நூல் தருவார்களே... விடைத்தாள்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு... அந்த நூலைக் கட்ட வேண்டும். கம்பஸ் பக்கம் பஸ்ஸில் போகிற ஒவ்வொரு தடவையும் நான் மற்றப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு போவேன்.

அவள் கார்ட்டை மடித்துத் திருப்பித் தந்தாள்.

"ஆன்ட்டி, எக்ஸாம் அன்னைக்கு நான் கேப்பேன். எனக்கு தெரியும், கட்டாயம் கேப்பேன். நான் கெஞ்சினாலும் டொக்டரை கூப்பிடாதீங்க."

இப்போது மறுபடி போன செவ்வாய்க்கிழமைக்கு வாருங்கள். காலை ஏழு மணி. கையில் போன். "டொக்டர்கிட்ட போலாமா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

"ப்ளீஸ் ஆன்ட்டி."

"முகத்தைக் கழுவிப்போட்டு வாரும். ஓட்டோ வந்திட்டுது."

இவ்வளவுதான் சொன்னேன். சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கோபமாகத்தான் பார்த்தாள். ஆனால் போய் முகத்தைக் கழுவினாள்.

ஓட்டோவில் ஒரு பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நங்கிட்ட விபாகயக்த?" என்று சிங்களத்தில் கேட்டார். தங்கச்சிக்குப் பரீட்சையா என்று. நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு பள்ளத்திலும் விடாமல் மெதுவாக ஓட்டினார். இறங்கும்போது, "பய வென்ன எபா நங்கி" என்றார். பயப்படாதே என்று எல்லோரும் சொல்வதுதான். அவர் சொன்னது எனக்கு நன்றாக இருந்தது.

கம்பஸ் கேட்டடியில் அவள் நின்றாள். நானும் நின்றேன். கொஞ்சம் உள்ளே வரைக்கும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் ஆன்ட்டி. நீங்க போயிருங்க. நீங்க இங்க நிக்கிறீங்கன்னு தெரிஞ்சா நான் திரும்பி வந்துருவேன்."

அவள் சொன்னது சரி. திரும்பி நடந்தேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்குப் போக மனமில்லை. அவளுக்காக மட்டும் இல்லை. பிள்ளைகள் பேனாவும் தண்ணிப் போத்தலுமாக என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஓடிக்கொண்டே தலை பின்னினாள். அவர்களோடு நானும் போய்விட வேண்டும் போல ஏக்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு ஏக்கம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒன்பது மணிக்கு பஸ்ஸில் இருந்தேன். இப்போது திருப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு மட்டும் மற்றப் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். பருப்பில் உப்பு இரண்டு தடவை போட்டேன். பத்து மணி... பதினொரு மணி... கோல் ஏதும் வரவில்லை. வந்திருந்தால்தான் பிரச்சினை. என் கணவர் குசினிப் பக்கம் வந்து நின்றார். சும்மா இருக்க முடியாமல் அவரிடம் அந்த ஐந்தாவது பேப்பர் கதையைச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை நான் குசினிக்குள் சர்மிளாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கிரிக்கெட்டில் இருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை சொல்கிறேன்.

"ஓம், தெரியும்" என்றார். "கலியாணம் பேசேக்கையே உம்மட கூட்டாளி ஒருத்தி சொல்லிப்போட்டா."

"பிறகேன் இவ்வளவு நாளும் கேக்கேல்லை?"

"நீர் சொல்லுவீர் எண்டு இருந்தனான்."

பாருங்கள், நான் ஒளித்துவைத்த இரகசியத்தின் இலட்சணத்தை.

பன்னிரண்டு மணி கழிந்து இருபது நிமிடம். வாட்ஸ்அப்பில் ஒரு படம். அட்மிஷன் கார்ட். சர்மிளாவுடையது. அந்தப் பாடத்துக்கு நேரே, கட்டத்துக்குள், பச்சை மையில் ஒரு கையெழுத்து. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'பயந்துகிட்டேதான் எழுதினேன் ஆன்ட்டி. ஒரு கேள்வி விட்டுட்டேன். நூல் கட்டிட்டேன்.'

அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ரிசல்ட் வர மாதங்கள் ஆகும். பாஸோ இல்லையோ தெரியாது. ஹட்டன் சலூன் சுவரில் ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று மாலை சர்மிளா இரண்டு பிளேட் சோறு சாப்பிட்டாள். உப்புக் கூடின பருப்போடு. சாப்பிட்டுவிட்டு, "போனை ஒருக்கா தாங்க ஆன்ட்டி" என்று வாங்கி, கொஞ்ச நேரம் என்னவோ செய்துவிட்டுத் திருப்பித் தந்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். வெளியிலிருந்து படித்துப் பரீட்சை எழுதுகிற வெளிவாரிப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பம்.

"வயசெல்லை இல்லையாம். வார திங்கக்கிழமைதான் கடைசி நாள்" என்றாள்.

"இந்த வயசில எனக்கென்னத்துக்கு இது, பிள்ளை?"

அவள் பேனாவையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டேன். விலாசம் எழுதிவிட்டேன். முன்பு படித்த விபரம் என்ற இடத்தில் நிற்கிறேன். நாளைக்குத் திங்கட்கிழமை. காலையிலிருந்து எனக்கு வயிறு சரியில்லை... வாந்தி வருகிற மாதிரியும் இருக்கிறது. எதற்கும் டொக்டரை ஒருமுறை கேட்போம் என்று போனை எடுத்தால் – நம்பரைக் காணவில்லை.